விழ வேண்டிய சுவர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கொத்தனார் என்று பெயர். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண்ணுக்கு இது ஒரு பெயரா என்று கேட்டால், ஆறு வருஷமாகக் கல் அடுக்குகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுகிறாள்.

வேலை இதுதான். துறைமுகத்துக்கு முன்னால் கடலுக்குள் பெரிய பெரிய கற்களைக் கொட்டி ஒரு கரை எழுப்புவார்கள். வருகிற அலை அதில் மோதி அங்கேயே செத்துப்போக வேண்டும், உள்ளே நிற்கிற படகும் கப்பலும் ஆடாமல் இருக்க வேண்டும். அலைத்தடுப்புச் சுவர் என்று பெயரே தவிர அது சுவர் இல்லை, இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கிற கல் குவியல். அதைக் கடலில் கட்டிவிட்டு, புயல் வந்து கலைத்த பிறகு தலையில் கை வைத்து உட்கார முடியாது என்பதால் முதலில் ஒரு தொட்டிக்குள் சின்னதாகக் கட்டிப் பார்ப்பார்கள். ரயில் பெட்டி போல நீளமான தொட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒரு முனையில் இயந்திரத்தோடு இணைந்த பலகை முன்னும் பின்னும் தள்ளி அலை கிளப்பும். மறு முனையில், எலுமிச்சம்பழ அளவுக் கற்களால் ஆன அவளுடைய சுவர். மேல் பட்டைக்குச் சிவப்பு, நடுவுக்கு மஞ்சள், அடிக்கு நீலம் என்று கற்களுக்குச் சாயம் பூசியிருக்கும். அலை ஓய்ந்ததும் மஞ்சளில் எத்தனை சிவப்பு உருண்டு வந்து கிடக்கிறது, நீலத்தில் எத்தனை மஞ்சள் என்று எண்ணினால் சுவரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

எண்ணி முடித்ததும் மொத்தத்தையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டும். அடுக்கு, அடி வாங்கு, எண்ணு, பிரி, மறுபடி அடுக்கு. இந்தப் பிழைப்புக்கு நிஜக் கொத்தனாராகவே போயிருக்கலாம், அவர் கட்டியதை யாரும் சாயங்காலம் இடித்துவிட்டுப் போவதில்லை.

ஆனால் அவளுக்குப் பலன் கிடைத்திருந்தது. அதுதான் முக்கியம். வழக்கமான சுவர் மேலிருந்து கீழே நேராகச் சரியும். அப்படி நேராகச் சரியாமல் நடுவில் ஒரு வளைவு கொடுத்துச் சரியவிட்டால், சின்னக் கற்களே பெரிய புயலைத் தாங்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. முதல் வருஷங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நேர்ச் சரிவைக் கட்டினாள். அது நடுத்தரப் புயலுக்கே பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு வளைவுச் சரிவுக்கு மாறினாள். அது நின்றது. பெரிய புயலிலும் நின்றது. அவளுடைய பேராசிரியர் போகிற கூட்டத்தில் எல்லாம் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு துறைமுக அலுவலகம் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் போய், புதிதாகக் கட்டப்போகும் சுவரை இதே மாதிரி கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஆய்வேடும் எழுதி முடித்தாயிற்று. வேறு ஊரில் கணவன் இருந்தான், ஐந்து வயது மகளோடு. அந்த ஊர்க் கல்லூரியில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது, பட்டம் கையில் இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கிறபோது அம்மா வந்துவிடுவாள் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். போன வருஷமும் இதே வாக்கைத்தான் கொடுத்தாள் என்பதை மகள் மறக்கவில்லை, அவள்தான் மறந்த மாதிரி பேசினாள்.

மீதி இருந்தது ஒரே ஒரு சோதனை. பட்டத்துக்காக ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒரு புண்ணியவான், வளைவுச் சரிவைப் பெரிய புயலில் இன்னொரு தடவை சோதித்துக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று எழுதிவிட்டார். அவருக்கு ஒரு வரி, இவளுக்கு ஒரு வாரம். சரி, தொலையட்டும் என்று கற்களைக் கழுவ உட்கார்ந்தவளுக்கு வலது கட்டை விரல் மடங்கவில்லை. அடியில் வீங்கி, தொட்டாலே உயிர் போனது.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கல்லு அடுக்கறேன்."

டாக்டர் அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் தோளில் தொங்கிய கணினிப் பையையும் பார்த்தார். நக்கல் பண்ணுகிறாளோ என்று நினைத்திருக்க வேண்டும். விரலுக்கு ஒரு பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, "கொஞ்ச நாளைக்கு வேற யாரையாவது அடுக்கச் சொல்லுங்க" என்றார்.

வேறு யார்? புயல்தான் இருந்தான். அவளுக்கு நாலு வருஷம் பின்னால் சேர்ந்தவன், அதே பேராசிரியரின் மாணவன். எதையும் உட்கார்ந்து செய்யத் தெரியாது, டீயைக்கூட நடந்துகொண்டே குடித்துச் சட்டையில் ஊற்றிக்கொள்வான், அதனால் அந்தப் பெயர். நல்லவன், கேட்ட உதவிக்கு இல்லை என்று சொல்லமாட்டான். அவளுடைய அளவுகளை வைத்துக்கொண்டு, உள்ளே சரளைக் குவியல், மேலே கற்கள், வளைவு எல்லாம் வரைபடத்தில் இருந்தபடி கட்டி முடித்தான். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தாள். கையைக் கட்டிப்போட்டது மாதிரி என்பார்கள், அவளுக்கு நிஜமாகவே கட்டித்தான் போட்டிருந்தது.

பலகை அசைந்தது. சின்ன அலை வந்தது, சுவர் நின்றது. நடுத்தர அலை வந்தது. சிவப்பில் ஒரு கல் ஆடியது, பல் ஆடுவது போல. பிறகு உருண்டது. அதைத் தொடர்ந்து பக்கத்தில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பெரிய புயல் வருவதற்குள் மேல் பட்டையில் பெரிய ஓட்டை விழுந்து உள்ளே இருந்த சரளை வெளியே கொட்டத் தொடங்கிவிட்டது.

"நிறுத்து," என்றாள்.

அன்று முழுக்க ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒவ்வொரு பொருள் மேலும் அவளுக்குச் சந்தேகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். பலகை அதிகமாகத் தள்ளியிருக்குமோ? இல்லை. அலை உயரத்தை அளக்கும் கம்பிகள் பொய் சொல்லுகின்றனவோ? கழற்றிச் சுத்தம் பண்ணி மறுபடி பொருத்தி அளந்தாள், உண்மையைத்தான் சொல்லின. தண்ணீர் மட்டம் சரி. கற்களை எடை போட்டாள், எடையும் சரி. தொட்டியின் கடைசியில் மோதித் திரும்பி வருகிற அலை கெடுத்திருக்குமோ என்று அதையும் கணக்கிட்டாள். எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஏதாவது ஒன்று கெட்டுப்போய்த் தொலைத்தால்தான் என்னவாம்?

கடைசியில் மிச்சம் இருந்தது புயல்.

"அவசர அவசரமா அள்ளிப் போட்டா இப்படித்தான் ஆகும்," என்றாள் மறுநாள் காலையில். "இன்னொரு தடவ கட்டு. பொறுமையா."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மறுபடி கட்டினான். இந்தத் தடவை நிஜமாகவே உட்கார்ந்து கட்டினான், மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. அவனைப் பொறுத்தவரை அது தவம். மறுபடியும் அலை வந்தது. மறுபடியும் அதே இடத்தில் ஆடி, அதே மாதிரி உருண்டு, அதே மாதிரி ஓட்டை. அவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீ என்ன, கல்ல அடுக்கறியா, இல்ல வேண்டாத விருந்தாளிக்குச் சோறு போடற மாதிரி வீசறியா?"

"அக்கா, நீங்க குடுத்த அளவுலதாங்க்கா கட்டினேன். ஒரு இடத்துல கூட ஏத்தம் இறக்கம் இல்ல. வேணும்னா அளந்து பாருங்க."

"அளவு சரி. கல்ல வச்ச லட்சணத்த பாரு. அகலமான பக்கம் கீழ வரணும். நீளமான கல்லுன்னா அதோட மூக்கு உள்ள போகணும், வெளிய நீட்டக்கூடாது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துல இருக்கற கல்ல இறுக்கிப் பிடிக்கணும். வச்சதும் லேசா ஒரு அழுத்து அழுத்தி, ஆடுதான்னு பாக்கணும். ஆடினா எடுத்துத் திருப்பி வைக்கணும்."

"இதெல்லாம் எங்கக்கா எழுதியிருக்கு? உங்க ஆய்வேட்ட முழுக்கப் படிச்சுட்டுத்தான் வந்தேன். கல்லுங்கள ஒழுங்கில்லாம, விழுந்தபடி போடணும்னுதான் போட்டிருக்கு."

"எழுதல. எதுக்கு எழுதணும்? கைக்குத் தெரியும். நான் கட்டினா நிக்கும், நீ கட்டினா..."

வாய் அதோடு நின்றுவிட்டது.

நான் கட்டினா நிக்கும். சொன்னது அவள் வாய்தான், கேட்டதும் அவள் காதுதான். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

முதல் வருஷம் அவளும் இப்படித்தான் கட்டினாள், புயல் மாதிரி. கல்லை எடுத்தாள், போட்டாள். அப்போது கட்டியதெல்லாம் நேர்ச் சரிவு. அது உதிர்ந்தது, அவளும் நேர்ச் சரிவு உதவாது என்று எழுதிக்கொண்டாள். வருஷங்கள் போயின. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவளுக்கே தெரியாமல், கை கற்றுக்கொண்டது. எந்தக் கல் எந்தக் குழியில் உட்காரும் என்று கண் பார்க்கும் முன்னாலேயே விரல் திருப்பி வைத்துவிடும். அந்தக் கை தேறிய பிறகுதான் வளைவுச் சரிவுக்கு வந்தாள். அது நின்றது, வளைவுதான் தாங்கியது என்று எழுதிக்கொண்டாள். தண்ணீரின் சூட்டைக்கூடத் தினமும் அளந்தவள், தொட்டிக்குள் தினமும் போய் வந்த தன் கையை ஒரு நாளும் அளக்கவில்லை. ஒரு நாள் நேர்ச் சரிவு, ஒரு நாள் வளைவு என்று மாற்றி மாற்றிக் கட்டியிருந்தால் இந்த விபரீதமே வந்திருக்காது. ஆனால் சரளைக் குவியலை ஒவ்வொரு தடவையும் மாற்றுவது பெரிய கழுத்தறுப்பு என்று முதலில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். பேராசிரியரும் அதுதான் சரி என்று தலையாட்டினார்.

அந்தப் பேராசிரியர் அறைக்குத்தான் போனாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான விஷயம் என்றால் அவர் உடனே கண்ணாடியைத் துடைப்பார், அவருடைய மாணவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

"உனக்கு நல்ல கை அமைஞ்சிருக்கும்மா. அதப் போய்க் குத்தமா பாக்கறியே."

"கடல்ல என் கை இல்லையே சார். அங்க கிரேன்ல தூக்கிப் போடுவாங்க. அது விழுந்த இடத்துல கெடக்கும். யாரு அதத் திருப்பி வச்சு ஆடுதான்னு பாக்கப் போறாங்க?"

"சரி, இப்ப என்ன கெட்டுப்போச்சு? அந்தப் பையன் ரெண்டு தடவ சரியா கட்டல, அவ்வளவுதான். உன் விரல் ஆறட்டும். நீயே கட்டு, நீயே சோதன பண்ணு, அனுப்பிடு. கேட்டது ஒரே ஒரு தடவதானே?"

அவர் கெட்டவர் இல்லை. அவளைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவளைவிட அவருக்குத்தான் அவசரம். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது அவளுக்கு ஓங்கி அழ வேண்டும் போல இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னது முடியும். அவள் கட்டினால் நிற்கும். படம் எடுத்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஊரில் இருக்கலாம். பிறகு ஏதோ ஒரு கடற்கரையில் யாரோ கிரேனை வைத்துச் சின்னக் கற்களைக் கொட்டுவார்கள், ஏதோ ஒரு புயலில் அது புயல் கட்டிய சுவர் மாதிரியே ஓட்டை விழும். உள்ளே படகுகள் நிற்கும்.

"நேர்ச் சரிவ இன்னொரு தடவ கட்டிப் பாத்துடறேன் சார்."

"அது முடிஞ்சு போன கத. அதப் போய் எதுக்குத் தோண்டற?"

"என் இப்போதைய கையால கட்டினா என்ன ஆகுதுன்னு பாக்கணும். அப்பவும் அது விழுந்துட்டா வளைவுதான் காரணம், நான் பேசாம அனுப்பிடறேன்."

"விழலேன்னா?"

கேட்டுவிட்டு அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

விரலில் இருந்த பட்டையை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். புயல் சரளையைக் கொட்டி நேராகச் சீவிக் கொடுத்தான். அதன் மேல் அவள் கற்களை அடுக்க உட்கார்ந்தாள். பேராசிரியரிடம் இப்போதைய கை என்று சொல்லிவிட்டு வந்தாலும், சுவர் விழுந்தால் ஊருக்குப் போகலாமே என்ற ஆசை வந்துவிட்டது. மனதுக்குள் தீர்மானமாகச் சொல்லிக்கொண்டாள், முதல் வருஷம் கட்டிய மாதிரி கட்ட வேண்டும். எடுக்க வேண்டும், போட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது.

முடியவில்லை. கல்லை எடுத்தால் அது கீழே போவதற்குள் விரல் அதைப் பாதி திருப்பிவிடுகிறது. வேண்டுமென்றே கோணலாக ஒன்றை வைத்தாள். அடுத்த கல்லை எடுக்கப் போன கை, போகிற போக்கில் அந்தக் கோணலைத் தட்டிச் சரி செய்துவிட்டுப் போனது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தாள். அது இன்னும் மோசம், கண்ணுக்காவது கொஞ்சம் ஏமாறத் தெரியும், கைக்கு அதுவும் தெரியவில்லை. இடது கையால் முயன்றாள். அதுவும் இத்தனை வருஷமாகக் கூடவே இருந்து பார்த்து எல்லாவற்றையும் கற்று வைத்திருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. படிப்பில்தான் தேறவில்லை, இதில் இத்தனை தேர்ச்சி. சனியன் பிடித்த கை.

"அக்கா, அழகா வந்திருக்கு," என்றான் புயல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து. மனசாரத்தான் சொன்னான். அவனைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

பலகை அசைந்தது. சின்ன அலை ஏறி இறங்கியது. சிவப்பு சிவப்பாக இருந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒரு கல், ஒரே ஒரு கல் ஆடாதா என்று பார்த்தாள். நடுத்தர அலை வந்தது. முதல் வருஷம் இதே அலையில்தான் நேர்ச் சரிவு பாதி கரைந்து போய், புது மாணவியான அவள் கை தட்டிச் சிரித்தாள். இப்போது தண்ணீர் கற்களுக்கு நடுவே புகுந்து, நுரைத்து, வந்த வழியே வடிந்து போனது.

"விழு," என்றாள் மெதுவாக. "விழுந்து தொல."

பெரிய புயலுக்கு மாற்றச் சொன்னாள். பலகை மூச்சு வாங்கியது. அலை சுவரின் தலை வரைக்கும் ஏறி, கண்ணாடியில் தெறித்து, அவள் முகத்துக்கு நேராக வழிந்தது. ஓரத்தில் ஒரு சிவப்புக் கல் அசைந்தது. அவளுக்கு நெஞ்சு திக்கென்றது, சந்தோஷத்தில். அந்தக் கல் சற்றே நகர்ந்து, பக்கத்தில் இருந்த கல்லோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அலை ஓய்ந்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. மஞ்சளில் சிவப்பு இல்லை, நீலத்தில் மஞ்சள் இல்லை. வளைவு இல்லாத, ஒன்றுக்கும் உதவாது என்று அவள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதித் தள்ளிய சுவர், கட்டினபடியே இருந்தது. சுவர் நிற்கிறதே என்று அவளைப் போல வயிறெரிந்தவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

புயல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான். அவனுக்கும் புரிந்திருந்தது. முதல் தடவையாக அவன் அசையாமல் நின்றதை அவள் பார்த்தாள்.

"இப்ப என்னக்கா பண்றது?"

"முதல்லேர்ந்து பண்ணணும். நேர்ச் சரிவு ஒரு நாள், வளைவு ஒரு நாள். மாத்தி மாத்தி. கல்ல எடுத்தா அப்படியே போட்டுடணும், ஒன்னயும் திருத்தக் கூடாது. நீதான் கட்டணும்."

"நீங்க?"

"நான் கல்லத் தொடக்கூடாது."

துறைமுக அலுவலகத்துக்கு அங்கேயே தொலைபேசியில் பேசினாள். வரைபடத்தை வைத்து எதுவும் முடிவு பண்ண வேண்டாம், அதில் தவறு இருக்கிறது, தவறு என்னுடையது என்றாள். மறுமுனையில் இருந்தவர், எழுத்தில் தாருங்கள் என்றார். தருகிறேன் என்றாள். பேராசிரியரையும் அழைத்துச் சொன்னாள். அவர், சரிம்மா என்றார்.

இன்னொரு அழைப்பு மிச்சம் இருந்தது. அதை அவள் செய்வதற்குள் கணவனே கூப்பிட்டுவிட்டான்.

"என்ன ஆச்சு? இன்னிக்குத்தானே கடைசி சோதன? சுவர் விழுந்துடுச்சா?"

"இல்லங்க. நின்னுடுச்சு."

"பெரிய புயலுக்குமா?"

"பெரிய புயலுக்கும்."

"அப்பாடா," என்றான். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அவள் எத்தனையோ மாதமாகக் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும், நீ கட்டினது எப்படி விழும்? இரு, பாப்பாகிட்ட சொல்றேன். பாப்பா, இங்க வா. அம்மா முடிச்சுட்டாங்க."

"ஏங்க, கொஞ்சம் இருங்க, நான் சொல்றத..."

அவன் போய்விட்டான். தூரத்தில் நாற்காலி நகரும் சத்தமும், சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தமும் கேட்டன. பிறகு மூச்சு இரைக்க ஒரு குரல்.

"அம்மா, நீ வரியா? எப்போ வர?"

தொட்டிக்குள் தண்ணீர் அடங்கிக் கண்ணாடி மாதிரி இருந்தது. நாளை மறுநாள் என்றோ, அடுத்த மாதம் என்றோ எதையாவது சொல்லி வைக்கலாம், ஏற்கெனவே சொல்லித்தான் இருக்கிறாள்.

"அம்மாவால இப்ப வர முடியாதுடா கண்ணு. இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"ஏன்? நீ சரியா கட்டலையா?"

"இல்லடா. அம்மா ரொம்ப நல்லா கட்டிட்டேன். அதனாலதான்."

மகள், "அம்மா பொய் சொல்றாப்பா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்தாள்.